எங்க ரேடியோவுல ஏழரைச் சனி

நம்ம காலேஜ் கம்யூனிட்டி ரேடியோவில் சனிக்கிழமை ராத்திரி ஏழரை மணி ஸ்லாட்டை யாரும் கேட்டு வாங்க மாட்டாங்க. ஹாஸ்டல்ல அப்ப மெஸ் வரிசை. டே ஸ்காலர் எல்லாம் வீட்டுக்குப் போயாச்சு. ஊருக்குள்ள சனிக்கிழமைதான் வாரச் சம்பளம்ங்கிறதால ஜனமெல்லாம் கடைத்தெருவுல இருக்கும். சனிக்கிழமையையும் ஏழரையையும் சேர்த்து சீனியர்ஸ் அதுக்கு 'ஏழரைச் சனி'ன்னு பேரு வச்சிருந்தாங்க. செகண்ட் இயர்ல, "ஜாஸ் மியூசிக்குன்னு தனியா ஒரு ஷோ பண்றேன் சார்"னு போய் நின்னப்ப எனக்குக் கிடைச்சது அதுதான். ரெண்டு வருஷம் ஓட்டினேன். இந்த செமஸ்டரோட நான் கிளம்புறேன். அடுத்து யாராவது எடுப்பீங்கன்னு நம்பி, நடந்ததை எழுதி வைக்கிறேன்.

எனக்கு ஜாஸ் வந்தது எங்க அப்பா மூலமா. அப்பாவுக்கு நாரணாபுரம்தான் சொந்த ஊர், பட்டாசு வேலை. 1994-ல் வந்த 'டூயட்' படத்துக் கேசட்டை இன்னும் பீரோவுல வச்சிருக்கார். அதைப் போட வீட்டுல டேப் ரெக்கார்டர் கிடையாது, கேசட் மட்டும் இருக்கு. அதுல கதிரி கோபால்நாத் வாசிச்ச சாக்ஸபோன்மேல அப்பாவுக்கு அப்படி ஒரு பிரியம். ப்ளஸ் ஒன் லீவுல கோபால்நாத் வேற என்னெல்லாம் வாசிச்சிருக்கார்னு தேடினப்ப, 1980-ல் பம்பாய் ஜாஸ் விழாவில் ஜான் ஹேண்டின்னு ஒரு அமெரிக்க சாக்ஸபோன்காரர் இவர் வாசிப்பைக் கேட்டுட்டு, கூடச் சேர்ந்து வாசிக்க ஆசைப்பட்டு மேடையேறின கதை கிடைச்சது. யாரு அந்த ஹேண்டின்னு பார்க்கப் போனா, அவர் சார்லஸ் மிங்கஸ் குழுவில் வாசிச்சவர். மிங்கஸைக் கேட்கப் போனா, பக்கத்துலயே ஜான் கோல்ட்ரேன் நிக்கிறார். கோல்ட்ரேன் நம்ம ரவிசங்கர்மேல வச்சிருந்த மரியாதையில மகனுக்கு ரவின்னே பேரு வச்சவர். இப்படி ஒரு நூலைப் பிடிச்சு இழுத்ததுல லீவு மொத்தமும் போச்சு.

கேட்டவுடனே பிடிச்சிருச்சுன்னு சொன்னா அது பொய். ஆளாளுக்கு ஒரு பக்கம் போறாங்க, பாட்டு எங்க இருக்குன்னே தெரியலைன்னு தோணுச்சு. ஒருநாள் பொங்கல் திருவிழாவுல நையாண்டி மேளம் கேட்டுக்கிட்டு நிக்கும்போதுதான் விஷயம் புரிஞ்சது. நாதஸ்வரம் ஒரு சினிமாப் பாட்டை எல்லாருக்கும் தெரியுற மாதிரி ஒரு தடவை வாசிக்குது. அப்புறம் அதை விட்டுட்டு எங்கயோ போகுது. தவில்காரர் விடாம துரத்துறார். பம்பைக்காரர் நடுவுல புகுந்து வம்பு பண்றார். கூட்டம் கை தட்டுது. கடைசியில எல்லாரும் ஒண்ணா அதே பாட்டுக்கு வந்து விழுறாங்க. ஜாஸ்லயும் பெரும்பாலும் இதேதான். மெட்டை ஒரு தடவை சேர்ந்து வாசிச்சுட்டு, ஆளுக்கு ஒரு சுற்று சொந்தமா போயிட்டு, மறுபடியும் மெட்டுக்கு வந்து முடிப்பாங்க.

இவ்வளவு தெரிஞ்சிருந்தும் முதல் பத்து ஷோவைக் கெடுத்தேன். சென்னை எஃப்எம்ல பேசுற மாதிரி மூச்சு விடாம "ஹாய் ஹலோ வணக்கம்"னு ஆரம்பிச்சு, விக்கிப்பீடியாவை மொழிபெயர்த்து ஒப்பிச்சேன். யாரு எந்த ஆல்பத்துல எந்தக் கருவி வாசிச்சாங்கன்னு பட்டியல் வேற. நான் வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டது ஒரே கேள்வி. "ஏன் பிள்ள, யாரோ உன்னைத் துரத்துற மாதிரியே பேசுற?"

ஸ்டேஷன் பொறுப்பாளர் சார் வேற ஒண்ணு கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல கம்யூனிட்டி எங்கம்மா இருக்கு?"

அவர் கேட்டது நியாயம். காற்றலைகள் பொதுச்சொத்துன்னு உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பு சொல்லி, அதுக்கப்புறமும் ஏழெட்டு வருஷம் இழுத்துத்தான் கல்வி நிறுவனங்களுக்கு ரேடியோ நடத்த அனுமதி வந்தது. 2004 பிப்ரவரி 1-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் முதல்ல கிளம்புச்சு. நம்ம ஸ்டேஷன் மாதிரி எல்லாம் அது போட்ட ரோட்டுல வந்ததுதான். நிகழ்ச்சிகள்ல பாதியாவது அந்த வட்டாரத்து மக்கள் பங்கெடுத்துத் தயாரிச்சதா இருக்கணும்னு விதி இருக்கு. நமக்கு 100 வாட் வரைக்கும்தான் அனுமதி. சுத்துப்பட்டு பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் எட்டினா பெரிசு. வாட் கம்மின்னு வருத்தப்படுற ஈசிஈ ஜூனியர்களுக்கு ஒரு தகவல்: 1924-ல் சென்னையில் கிருஷ்ணசாமி செட்டின்னு ஒரு இன்ஜினியர் ரேடியோ கிளப் ஆரம்பிச்சு ஒலிபரப்பினாரே, அது முதல்ல 40 வாட். அப்ப அந்தப் பதினஞ்சு கிலோமீட்டருக்குள்ள யாரு இருக்கா? எங்க ஊர் இருக்கு. நான் யாருக்குப் பேசுறேன்னு எங்க அம்மாவுக்கே புரியலைன்னா தப்பு என்மேலதான்.

அந்த சமயத்துலதான் வில்லிஸ் கோனோவர் பத்திப் படிச்சேன். 1955-லருந்து வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் சிற்றலையில் தினமும் ஜாஸ் போட்டவர். அந்த ஒலிபரப்பு வெளிநாடுகளுக்கானது. உள்நாட்டுல பரப்பக் கூடாதுன்னு சட்டம் இருந்ததால அவர் நாட்டுக்காரங்களுக்கு அவரைச் சரியாத் தெரியாது. ஆனா போலந்துலயும் ரஷ்யாவுலயும் ராத்திரி கதவைச் சாத்திக்கிட்டுக் கேட்டவங்க ஏராளம். அவர் ரகசியம் ரொம்ப சாதாரணம். மெதுவாப் பேசுவார், எளிய வார்த்தைதான் போடுவார். இங்கிலீஷ் அரைகுறையாத் தெரிஞ்சவனுக்கும் புரியணும்னு ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியா எடுத்து வைப்பார். ஒலிப்பதிவைத் தேடிக் கேட்டேன். நம்ம ஆர்ஜே-க்கள் ஒரு நிமிஷத்துல பேசுறதை அவர் அஞ்சு நிமிஷம் பேசுவார் போல.

அடுத்த வாரம் பட்டியலைத் தூக்கிப் போட்டுட்டு, அம்மாகிட்டப் பேசுற மாதிரியே பேசினேன். ஒரு ஷோவுக்கு அஞ்சு பாட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு விஷயம்.

இனி அம்மா வேலை செய்யுற இடத்தைச் சொல்லணும். ஒரு ஆஃப்செட் அச்சகத்துல பைண்டிங் பகுதி. சிவகாசிப் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியும், ஆடிப்பெருக்கு அன்னைக்கு அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவாங்க. அங்க பிடிச்சா டிசம்பர் வரைக்கும் ஓவர்டைம்தான். தாள் எண்ணணும், அடுக்கணும், தேதிக் கட்டைத் தைக்கணும், மேல தகரப்பட்டை அடிக்கணும். ராத்திரி ஒன்பது வரைக்கும் வேலை ஓடும். சுவரோரமா ஒரு பழைய ரேடியோ பாடிக்கிட்டு இருக்கும். "எங்க பிள்ள பேசுது"ன்னு அம்மா ஒரு சனிக்கிழமை நம்ம ஸ்டேஷனைத் திருப்பி வச்சிருக்காங்க. பத்துப் பன்னிரண்டு அக்காமார் வேற வழியில்லாம கேட்டிருக்காங்க. எனக்கு உண்மையான நேயர்கள் கிடைச்சது இப்படித்தான்.

அவங்கள்ல ஒரு அக்காவைப் பத்தி மட்டும் இங்க சொல்றேன். பேரு வேண்டாம், தாள் எண்ணுற அக்கா. அந்த அச்சகத்துலயே வேகமா எண்ணுறவங்க அவங்கதானாம். கட்டை விசிறி மாதிரி விரிச்சு அஞ்சஞ்சா எண்ணுவாங்க. நான் 'டேக் ஃபைவ்' போட்ட அன்னைக்கு ஸ்டேஷன் நம்பருக்கு முதல் போன் வந்துச்சு.

"பாப்பா, இப்பப் போட்டியே, அது அஞ்சு எண்ணிக்கைலதான இருக்கு? என் கை தானா அதோட போகுது. நாலுல எண்ணிப் பாத்தேன், இடிக்குது."

நான் ஒரு செமஸ்டர் முழுக்கச் சொல்லிப் புரிய வைக்க நினைச்சதை அந்த அக்கா ஒரு கட்டுத் தாளை எண்ணியே கண்டுபிடிச்சிட்டாங்க. 1959-ல் டேவ் புரூபெக் குழு வெளியிட்ட 'டைம் அவுட்' ஆல்பத்துல உள்ளது அது. அதுவரை ஜாஸ்ல பெரும்பாலும் நாலு, இல்லேன்னா மூணு. குழுவோட சாக்ஸபோன்காரர் பால் டெஸ்மண்ட் அஞ்சுல ஒரு மெட்டு போட்டார். நம்ம கண்டசாபு மாதிரின்னு சொல்லலாம், ஆனா இவங்க மூணும் ரெண்டுமா பிரிக்கிறாங்க, நாம ரெண்டும் மூணுமா பிரிப்போம். டெஸ்மண்ட் 1977-ல் சாகும்போது அந்தப் பாட்டோட ராயல்டியை அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதி வச்சிட்டார். இன்னைக்கும் அந்தப் பாட்டால வர்ற காசு அங்கதான் போகுது.

அந்த அக்காவுக்காகவே அடுத்த வாரம் ஒரு கதை சொன்னேன். 'டேக் ஃபைவ்'ல டிரம்ஸ் வாசிச்ச ஜோ மொரெல்லோ அதுக்கு முந்தின வருஷம், 1958-ல், புரூபெக் குழுவோட மெட்ராசுக்கே வந்திருக்கார். இங்க பழனி சுப்பிரமணிய பிள்ளையோட மிருதங்கத்துக்கு எதிர்ல உட்கார்ந்து சேர்ந்து வாசிச்சிருக்கார். பிள்ளைவாள் இடக்கைக்காரர், தாளக் கணக்குல புலி. இவர் பாஷை அவருக்குத் தெரியாது, அவர் பாஷை இவருக்குத் தெரியாது. பைண்டிங்ல அன்னைக்கு வேலையை நிறுத்திட்டுக் கேட்டாங்கன்னு அம்மா சொன்னாங்க. (சூப்பர்வைசர் அண்ணாச்சி திட்டினதையும் சொன்னாங்க.)

அப்புறம் ஷோ தானா ஓடுச்சு. அச்சகத்துக்கு ரெக்கார்டரோட போய் ஆஃப்செட் மெஷின் ஓடுற சத்தத்தைப் பதிவு பண்ணிட்டு வந்து, அதுக்குமேல கவுன்ட் பேசி ஆர்க்கெஸ்ட்ராவைப் போட்டேன். ரெண்டும் கொஞ்ச நேரம் சேர்ந்து நடந்துட்டு அப்புறம் பிரிஞ்சு போகும். சார் கேட்டுட்டு "இப்பக் கம்யூனிட்டி வந்துருச்சு"ன்னார்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் ஜாலியான பகுதி.

எங்க ஊர்ப் பக்கம் வெடிச்சத்தம் புதுசில்லை. டெஸ்ட் வெடி போடுவாங்க, கல்யாணத்துக்குப் போடுவாங்க, எடுப்புக்கும் போடுவாங்க. ஆனா அந்தச் சத்தத்துல ஒரு ரகம் இருக்கு, பிறந்ததுலருந்து இங்க இருக்கிறவங்களுக்குத் தனியாத் தெரியும். ஒரு சனிக்கிழமை காலை லேப்ல இருக்கும்போது அது கேட்டுச்சு. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு. வெளியூர்ப் பசங்க "என்னடா இடி?"ன்னு கேட்டுட்டு ரீடிங் எடுக்கப் போயிட்டாங்க. நாங்க நாலஞ்சு பேரு மட்டும் போனை எடுத்துக்கிட்டு வராந்தாவுக்கு வந்துட்டோம்.

மருந்து புழங்குற அறைக்குள்ள செல்போன் கொண்டு போகக் கூடாது. அப்பா வேலை பார்க்குற இடத்துல கேட்டுலயே வாங்கி வச்சிருவாங்க. பாதுகாப்புக்குத்தான், அது சரியான விதி. ஆனா இந்த மாதிரி நாள்ல அப்பா நம்பருக்கு ரிங் போய்க்கிட்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டாங்க. அந்தப் போன் கேட்டுல ஒரு பெட்டிக்குள்ள இருபது முப்பது போனோட சேர்ந்து அடிக்கும். எடுக்கலைங்கிறதுக்கு என்ன அர்த்தம்னு நமக்குத் தெரியாது. ஒன்றரை மணி நேரம் கழிச்சு அப்பாவே கூப்பிட்டார். "எங்க கம்பெனி இல்லை தாயி. அந்தப் பக்கம்."

அந்தப் பக்கத்துல ரெண்டு பேரு போயிட்டாங்க. ஒருத்தர் அப்பாவோட பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒரே அறையில வேலை பார்த்தவர், எங்க தெருவுக்கு அடுத்த தெரு.

அன்னைக்கு ராத்திரி ஷோவுக்கு நான் தயார் பண்ணி வச்சிருந்தது டிரம்ஸ் ஸ்பெஷல். முதல் பாட்டே ஆர்ட் பிளேக்கி. ஸ்கிரிப்ட்டும் எழுதி முடிச்சாச்சு. பீபாப் காலத்து டிரம்மர்கள் எதிர்பாராத இடத்துல பேஸ் டிரம்மை ஓங்கி ஒரு அடி அடிப்பாங்க. அதுக்கு ஜாஸ்காரங்க 'பாம் போடுறது'ன்னு பேரு வச்சிருக்காங்க. அதை எழுதிட்டுக் கீழ ஒரு ஜோக்கும் எழுதியிருந்தேன், "நம்ம ஊருக்காரங்களுக்கு இதைப் பத்திச் சொல்லியா தரணும்"னு. அந்தத் தாளைக் கையில வச்சுக்கிட்டு ஸ்டுடியோவுல உட்கார்ந்திருந்தேன். எனக்கு என்மேலயே கூச்சமா இருந்துச்சு. வேற நாளா இருந்தா அந்த ஜோக்கைப் படிச்சிருப்பேன், சிரிச்சிருப்பாங்க, எனக்கும் ஒண்ணும் தோணியிருக்காது.

சார் சொன்னார்: "முடியலேன்னா வீட்டுக்குப் போம்மா, நான் பக்திப் பாட்டு போட்டுக்கிறேன். பண்றதா இருந்தா விபத்தைப் பத்தி ஒரு வார்த்தையும் வரக் கூடாது. நமக்குச் செய்தி அனுமதி கிடையாது, தெரியும்ல?"

தெரியும். கம்யூனிட்டி ரேடியோ சொந்தமா செய்தி சொல்லக் கூடாது. ஆகாசவாணி செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். பாதிப்பேருக்கு யாரு என்னன்னு இன்னும் தெரியாது. நான் தப்பா ஒரு பேரைச் சொல்லிட்டா எந்த வீட்டுல என்ன ஆகும்? விதி இல்லேன்னாலும் சொல்லியிருக்க மாட்டேன்னுதான் நினைக்கிறேன்.

அப்பா வாசல்ல டிவிஎஸ் வண்டியோட நின்னுக்கிட்டு இருந்தார். எடுப்பு வீட்டுல இருந்து நேரா வந்து என்னைக் கொண்டுவந்து விட்டிருந்தார். "சொன்ன நேரத்துக்குப் போயிரணும்"னு மட்டும் சொன்னார்.

கோல்ட்ரேனோட 'அலபாமா'வை எடுத்தேன். மைக்கைத் திறந்து இவ்வளவுதான் சொன்னேன்: 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவுல அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம் ஊர்ல கறுப்பின மக்களோட தேவாலயத்துல வெள்ளை வெறியர்கள் குண்டு வச்சாங்க. நாலு சின்னப் பிள்ளைங்க செத்துப் போனாங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஜான் கோல்ட்ரேன் இதைப் பதிவு பண்ணினார். இதுல வார்த்தை கிடையாது.

அங்க நடந்தது கொலை, இங்க நடந்தது விபத்து. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்கலாமான்னு எனக்கு அப்பவும் சந்தேகம், இப்பவும் சந்தேகம். ஆனா அதைவிட்டா வேற எதுவும் அன்னைக்கு என் கையில இல்லை. அஞ்சு நிமிஷப் பாட்டு. கீழ பியானோ முணுமுணுன்னு ஒரே இடத்துல சுத்திக்கிட்டே இருக்கும். மேல சாக்ஸபோன், பாடாம பேசுற மாதிரி. நடுவுல டிரம்ஸ் தாளம் கொஞ்சம் வந்து நிக்கும், திரும்ப அந்தப் பேச்சுக்கே போயிரும்.

முடிஞ்சதும் நான் பேசல. பேசாம இருக்கணும்னுதான் முடிவு பண்ணியிருந்தேன். ஒரு விஷயத்தை மறந்துட்டேன். நம்ம ஆட்டோமேஷன் சாஃப்ட்வேர் பத்து செகண்ட் சத்தமே இல்லேன்னா ஏதோ கோளாறுன்னு எடுத்துக்கிட்டு தானா ஒரு ஜிங்கிளை ஓட்டிரும். போன வருஷம் அதை செட் பண்ணினதே நான்தான். பதினோராவது செகண்ட்ல, குழந்தைங்க கோரஸா "கை கழுவுவோம்"னு பாடுற சுகாதார விளம்பரம் ஏர்ல போயிருச்சு. ஃபேடரை இழுக்கிறதுக்குள்ள ரெண்டு வரி போயாச்சு. எனக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

எட்டரைக்கு ஸ்டேஷன் போன் அடிச்சது. தாள் எண்ணுற அக்கா.

"பாப்பா, நீ யாரைச் சொல்றன்னு எங்களுக்கு வெளங்கிருச்சு."

"ம்."

"ஆனா ஒப்பாரின்னா பேரு சொல்லித்தான அழணும். பேரே சொல்லாம எப்படி? யாருக்கோ அழுத மாதிரில இருக்கு."

"சொல்லக் கூடாதுக்கா. ரூல்ஸ்."

"ரூல்ஸா." கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. "சரி, வச்சிரட்டா?"

அந்தப் போன் என்னைப் படுத்தின பாடு கொஞ்சம் இல்லை. ரொம்ப யோசிச்சு, நாசூக்கா ஒண்ணு பண்ணிட்டதா நினைச்சுக்கிட்டு இருந்தேன். அந்த அக்கா கேட்டது நாசூக்கு இல்லை. நம்ம ஊர்ல, நம்ம ரேடியோல, நம்ம ஆளோட பேரு.

திங்கட்கிழமை போய் சார்கிட்ட விதிமுறையை பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். செய்தியும் நடப்பு விவகாரமும் கூடாது, சரி. ஒரு மனுஷரை அவர் குடும்பமும் தெருக்காரங்களும் நினைச்சுப் பேசுறது செய்தியா? எப்படி நடந்துச்சு, யார்மேல தப்புங்கிற பேச்சே வேண்டாம். அவர் யாருங்கிறது மட்டும். சார் ரெண்டு நாள் எடுத்துக்கிட்டார், மேலயும் கேட்டார். மூணு நிபந்தனை போட்டார்: நேரலை கூடாது, முன்னாடியே பதிவு பண்ணி அவர் கேட்கணும், குடும்பம் முழுச் சம்மதம் குடுக்கணும். நான் கொஞ்சம் கோபமாத்தான் தலையாட்டினேன். இப்ப யோசிச்சா மூணும் சரி.

அம்மாவைக் கூட்டிக்கிட்டுத்தான் போனேன், தனியாப் போகத் தைரியம் இல்லை. ரெக்கார்டரை நடுவுல வச்சுட்டு என்ன கேட்கிறதுன்னு தெரியாம உட்கார்ந்திருந்தேன். அவங்க வீட்டுக்காரம்மாவே ஆரம்பிச்சாங்க. சனிக்கிழமை சம்பளம் வாங்கினா சேவுப் பொட்டலம் இல்லாம வீட்டுக்கு வந்ததில்லையாம். சாத்தூர் பக்கம் போனா அங்கருந்தே வாங்கிட்டு வருவாராம், இல்லேன்னா இங்க. கடைக்காரர் அன்னைக்கு விஷயம் தெரியாம எடுத்து வச்சிருந்தாராம். பக்கத்து வீட்டுத் தாத்தா சொன்னார், "எடுப்புன்னா எங்க பக்கம் வெடி இல்லாம இருக்காது. இவன் எடுப்புக்கு ஒருத்தன்கூடப் போடல. வேட்டுக்குக் குறைச்சல் இல்லாத ஊரு பாத்துக்க. ஒருத்தன்கூடப் போடல."

நியூ ஆர்லியன்ஸ் ஊர் சாவு ஊர்வலம் பத்தி அவங்களுக்குச் சொன்னேன். ஜாஸ் பிறந்த ஊர் அது. பித்தளை வாத்தியக் குழு கல்லறை வரைக்கும் மெதுவா, துக்கமா வாசிச்சுக்கிட்டுப் போகும். அடக்கம் முடிஞ்சு திரும்பும்போது துள்ளலா வாசிக்கும், ஜனம் ஆடிக்கிட்டே பின்னாடி வரும். லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் 1950-ல் 'நியூ ஆர்லியன்ஸ் ஃபங்ஷன்'னு ரெண்டு பகுதியையும் சேர்த்து ஒரே பதிவாப் போட்டிருக்கார். முதல் பகுதியை மட்டும் போடட்டான்னு கேட்டேன். அந்தம்மா, "ரெண்டாவது என்ன, கொட்டுச் சத்தமா?"ன்னாங்க. ஆமான்னேன். "அவருக்குக் கொட்டுன்னா உசிரு. போடு."

போட்டேன். அவர் பேரு, ஊரு, தெரு எல்லாம் ரேடியோவுல சொன்னோம், அந்தம்மா குரல்லயே. இங்க நான் எழுதல. ரேடியோவுல சொல்லத்தான் அவங்க சம்மதிச்சாங்க. எழுதுறதுக்குக் கேட்கல, கேட்கவும் தோணல. இன்னொருத்தர் குடும்பம் வேண்டாம்னுட்டாங்க. அவரைப் பத்தி ஒண்ணும் சொல்லல.

ஹாஸ்டல்லருந்து மூணு மெசேஜ் வந்துச்சு. ஒருத்தன் "ஜாஸ் ஷோன்னு சொல்லிட்டு ஏன் சோகம்?"னு கேட்டிருந்தான். அவனுக்குப் பதில் போடல, போட்டிருக்கலாம். தாள் எண்ணுற அக்கா அந்த வாரம் போன் பண்ணல. அடுத்த வாரமும் இல்லை. அம்மாகிட்டக் கேட்டேன், "கேட்டாங்க. எண்ணாம கேட்டாங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. மூணாவது வாரம் போன் வந்துச்சு. "பாப்பா, அந்த அஞ்சு போட்டு ரொம்ப நாளாச்சே."

ஆர்ட் பிளேக்கியை ஆறு மாசம் கழிச்சுப் போட்டேன். ஜோக் இல்லாம.

சரி, அடுத்து எடுக்கப்போறவங்களுக்கு. ஸ்டுடியோ சிஸ்டத்துல 'ஏழரை'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. மொத்த ஸ்கிரிப்டும், அச்சக மெஷின் சத்தமும், பாட்டுப் பட்டியலும் அதுலதான். பட்டியலை வியாழக்கிழமைக்குள்ள சார்கிட்டக் குடுத்துரணும், உரிமம் சம்பந்தப்பட்டதை அவர் பார்த்துக்குவார். கோல்ட்ரேனோட கடைசிக் காலத்துப் பதிவுகளை எடுத்தவுடனே போட்டுராதீங்க, நானே இன்னும் அங்க போய்ச் சேரல. மெதுவாப் பேசுங்க. சைலன்ஸ் டிடெக்டரை 30 செகண்டா மாத்தி வச்சிருக்கேன், அதை யாரும் தொட வேண்டாம். ஆடிக்கு அப்புறம் பைண்டிங்ல ஆள் அதிகமா இருக்கும், அப்ப நல்ல பாட்டா எடுத்து வைங்க. 'டேக் ஃபைவ்' போடுறதா இருந்தா எட்டு மணிக்கு முன்னாடியே போட்டுருங்க. ஓவர்டைம் இல்லாத நாள்ல அந்த அக்கா வீட்டுலருந்துதான் கேட்பாங்க. எட்டு மணிக்கு அவங்களுக்கு சீரியல்.